வறண்ட ஆற்றில் ஒரு கிடாய் வேட்டை

போன கிழமை ஈஸ்ட் ஹாமில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகிறோம். அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒன்று சொல்கிறார், எங்கள் மனம் வேறொன்று சொல்கிறது. யாருடைய பேச்சைக் கேட்பது? இரண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அதனால்தான் அங்கே வாயைத் திறக்கவில்லை. நடந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவன் நான். ஊரில் நிலைமை கெட்டு, படிப்பும் பாதியில் நின்றபோது வேலை தேடி அலைந்தேன். பிக்கடிலிக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில், வசதியானவர்களுக்கு வேட்டைப் பயணங்கள் ஒழுங்குசெய்து கொடுக்கும் சின்னக் கம்பனி ஒன்று இருந்தது. டிக்கெட் போடுகிற கிளார்க்காகச் சேர்ந்தேன். சில வருடங்களில், வேட்டைக்காரர்களோடு கூடவே போய்வரும் துணையாளாக ஆனேன். பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் வாயில் வைக்காதவன் இந்த வேலையில் என்ன செய்கிறாய் என்று என் மாமியார் கேட்காத பொங்கல் இல்லை. விலங்கைக் கண்டுபிடிப்பது வழிகாட்டியின் வேலை, சுடுவது வந்தவர்களின் வேலை, எல்லாரையும் உயிரோடு ஹீத்ரோவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை என்று நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் அலுவலகத்துக்கு ஒரு பெண் தொலைபேசி எடுத்தார். நல்ல திருத்தமான ஆங்கிலம். மேற்கு டெக்சாஸ் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் அவுதாட் கிடாய் வேட்டைக்குப் போக வேண்டும் என்றார். நான் என் பெயரைச் சொன்னதும் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம். நீங்கள்?"

"மன்னார். இப்ப மோர்டனிலை இருக்கிறன். அப்ப இனித் தமிழிலையே கதைப்பம் அண்ணை."

ஜெசிந்தா அவர் பெயர். நாற்பதைத் தாண்டியவர். தெற்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்கமருந்து டொக்டர். சனிக்கிழமைகளில் துவக்குச் சுடும் கழகம், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை. ஸ்கொட்லாந்து மலைகளில் மான் வேட்டை பழகியவர். அவருடைய கோயில் பங்குச் சனங்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் நம்பவில்லை.

எங்கள் மேலாளருக்கும் நம்பிக்கை வரவில்லை. அவுதாட் என்பது வட ஆப்பிரிக்க மலைகளைச் சேர்ந்த காட்டு ஆடு. டெக்சாஸில் கொண்டுபோய் விட, அது அங்கே பல்கிப் பெருகிவிட்டது. மணல் நிறம். கழுத்திலிருந்து முன்னங்கால்வரை தாடிபோலத் தொங்கும் மயிர். பின்னோக்கி வளைந்த கனத்த கொம்பு. மனிதன் கைவைக்கத் தயங்கும் பாறையில் அது ஓடும். சில பண்ணைகளில் அதை உயர்ந்த வேலிக்குள் வளர்த்துச் சுடக் கொடுப்பார்கள். அந்த அம்மாவை வேலிப் பண்ணைக்கு அனுப்பு, கால் நோகாமல் முடித்துக்கொண்டு வரட்டும் என்றார் மேலாளர். அதை அப்படியே ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"வேலிக்குள்ளை நிக்கிற ஆட்டைச் சுடுறதெண்டால் அவ்வளவு தூரம் ஏன் போவான்? அது தப்பி ஓடக்கூடிய இடத்திலை எனக்கு ஏலுமோ ஏலாதோ எண்டு பாக்கத்தானே போறன்."

அதன்பிறகு அவர் ஹாம்ப்ஸ்டெட் நிலத்தடி ரயில் நிலையத்தின் படிகளில் ஏறத் தொடங்கினார். லண்டனில் அதைவிட ஆழமான நிலையம் இல்லை. எல்லாரும் லிஃப்டில் போக, இவர் முதுகுப்பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு சுழற்படியில் ஏறுவார், இறங்குவார். ஷிப்ட் முடிந்து வந்தும் ஏறுவார். ஒருநாள் நானும் கூட ஏறினேன். பாதியில் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "அண்ணை, அங்கை என்னைக் காப்பாத்தப்போறது நீங்கள்தானே?" என்றார். அடுத்த கிழமையிலிருந்து நானும் அரிசி மூட்டை வாங்கினேன்.

அந்தப் பயணத்தில் மூன்றாவது ஆள் ஹாரிஸ். எசெக்ஸில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். மாடுபோல உடம்பு, உரத்த குரல், உள்ளே கள்ளமில்லை. ஹீத்ரோவில் ஜெசிந்தாவைக் கண்டதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவருக்காக நான் காத்துக்கொண்டு நிற்கவேண்டி வருமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், எங்களுக்காக அவர்தான் காத்துநிற்க வேண்டியதாயிற்று. ஊரில் சண்டை நடந்த அந்த வருடங்களில் இரண்டு தமிழர் துவக்குப் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பொலிஸ்காரர் ஒருவர் பத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு இன்னொருவரைக் கூட்டிவந்தார். எதைச் சுடப்போகிறீர்கள் என்று அவர் கேட்க, ஜெசிந்தா அமைதியாக "ஆட்டை" என்றார். ஹாரிஸ் சிரித்த சிரிப்பில்தான் பொலிஸ்காரர்களின் முகமும் இளகியது.

டெக்சாஸில் எங்கள் வழிகாட்டி ரமோன். நாங்கள் தங்கிய வேலியில்லாப் பண்ணையில் வேலைசெய்பவர், அந்த மலைகளிலேயே வளர்ந்தவர். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார், விலங்கு நிற்கும் இடத்தை மோப்பம் பிடித்ததுபோலக் காட்டுவார். அவருக்கு நிகரான வழிகாட்டியை நான் அதன்பிறகும் காணவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் விளங்கும்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆட்டுத்தடம் ஒன்றைப் பிடித்து இறங்கவேண்டும். நடுவழியில் அகலமான ஒரு பாறைத் தட்டு. அதற்குக் கீழே வறண்ட ஆற்றுப் படுக்கை, வெள்ளைக் கூழாங்கற்கள், இடைக்கிடை தேங்கிய தண்ணீர்க் குட்டைகள். ஹாரிஸுக்கு முதல் நாளே வாய்த்தது. நல்ல கிடாய். அவர் பெருமையோடு பண்ணை முழுக்கக் கேட்கும்படி பாடினார். ஜெசிந்தாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கண்டது எல்லாம் பெட்டை ஆடுகளான மறிகளும் குட்டிகளும். அவுதாட்டில் மறிக்கும் கொம்பு உண்டு, அவசரப்பட்டவர்கள் அதில் ஏமாந்துபோவார்கள். அவர் அவசரப்படவில்லை. நாள்முழுக்கக் கல்லில் வயிறுபட்டுக் கிடந்து தொலைநோக்கியால் பார்த்தார். மாலையில் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, "நாளைக்குப் பாப்பம்" என்பார்.

பயணத்தின் நடுவில் ஒரு மத்தியானம் அவருடைய கிடாய் வந்தது. நாங்கள் ஆற்றுப் படுக்கையில் இருந்தோம். பள்ளத்தாக்கின் எதிர்ச் சுவரில் ஒரு கூட்டம் குட்டையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் தனியாக அவன். முழங்காலைத் தொடும் தாடி, முதுகுக்கு மேலே வளைந்து விரிந்த கொம்பு. ரமோன் ஜெசிந்தாவின் தோளைத் தொட்டு, விரலால் காட்டினார். ஜெசிந்தா படுத்து, துவக்கைத் தோளில் அணைத்தார். அவன் மறிகளுக்கு நடுவில் புகுந்துவிட்டதால், வெளியே வரட்டும் என்று காத்திருந்தார். இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று ரமோன் பக்கத்துப் பாறையில் ஏறினார். அந்தப் பாறை பெயர்ந்தது.

சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க உருண்டது. ஆடுகள் சிதறின. நான் திரும்பியபோது ரமோன் கற்களுக்கு நடுவில் கிடந்தார், ஒரு பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஜெசிந்தா எதிர்ச் சுவரை மறுபடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துவக்கிலிருந்த தோட்டாக்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ரமோனிடம் ஓடினார். கண், தலை, கழுத்து, முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"கணுக்கால் முறிஞ்சிருக்கு. முதுகு சரி, தலையும் சரி," என்றார் என்னிடம் தமிழில்.

ஹாரிஸ் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. காயப்பட்டவரை அசைக்கக்கூடாது. அவரை இங்கேயே நிழலில் படுக்கவைப்போம், நான் மேலே ஏறி வண்டியிலுள்ள ரேடியோவில் உதவி கேட்கிறேன், ஆட்கள் வந்து தூக்கட்டும் என்றார். ரமோனும் அதையே சொன்னார்.

நான் மேலே பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்து கிடந்தது. ஆனால் ஆறு வருகிற திசையில், வெகு தொலைவில், மலைக்குப் பின்னால் கரிய முகில் ஒன்று அசையாமல் நின்றது. "அந்த முகில்?" என்று ரமோனிடம் கேட்டேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னார், "அந்த மழைத் தண்ணீர் அடுத்த பள்ளத்தாக்குக்குத்தான் போகும். எனக்கு இந்த இடம் தெரியும். என்னைத் தூக்கவேண்டாம்."

பிள்ளைகளே, அந்தக் கணத்தைத்தான் நீங்கள் கேட்டீர்கள். அவருக்கு அந்த இடம் தெரியும். எனக்குத் தெரியாது. ஈஸ்ட் ஹாமிலிருந்து போனவன் பாலைவனத்து முகிலைப் பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஏலுமா? ஆனால் எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, பேசுவது ரமோன் மட்டும் இல்லை, அவருடைய வலியும் பேசுகிறது. தூக்கினால் எவ்வளவு நோகும் என்று அறிந்த மனிதன் தூக்கவேண்டாம் என்றுதான் சொல்வான். மற்றது, என் தலைக்கு மேலே பாறை வெடிப்பில் காய்ந்த புல்லும் சுள்ளியும் அடைந்து கிடந்தன. யாரும் அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. ஒருகாலத்தில் தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது.

அவரைத் தூக்கி ஏற்றியபிறகு தண்ணீர் வராவிட்டால், ஒரு மனிதனை வீணாக நோகடித்தேன் என்ற கெட்ட பெயர் எனக்கு வரும். மன்னிப்புக் கேட்கலாம். தூக்காமல் விட்டுத் தண்ணீர் வந்தால், கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார். எந்தப் பிழையைப் பிறகு திருத்தலாம் என்று பார்த்தேன். அவ்வளவுதான் என் கணக்கு.

"டொக்டர், அந்தத் தட்டுக்கு இவரை ஏத்த ஏலுமோ?"

"நோகும். வடிவாக் கட்டிவிட்டா ஏத்தலாம்."

"அவர் வேண்டாம் எண்டுறார்."

"மயக்கம் குடுக்கேக்கையும் கனபேர் வேண்டாம் எண்டுதான் சொல்லுறவை." ஏற்கெனவே துவக்கின் தோள்வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நீங்கள் முடிவெடுங்கோ அண்ணை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஹாரிஸிடம் சொன்னேன்: நீங்கள் மேலே போகலாம், ரேடியோவும் வேண்டும், ஆனால் முதலில் இவரைத் தட்டுக்கு ஏற்றவேண்டும், இங்கே எங்கள் எல்லாரிலும் பலம் உள்ளவர் நீங்கள்தான். அவர் என்னோடு வாதாடினார். இது முட்டாள்தனம், லண்டனுக்குப் போனதும் உன் மேலாளரிடம் சொல்வேன் என்றார். "சொல்லுங்கள்" என்றேன். "தூக்கியபிறகு சொல்லுங்கள்." என் முகத்தில் என்ன கண்டாரோ, குனிந்து முதுகைக் காட்டினார்.

ஜெசிந்தா இரண்டு கைத்தடிகளை வைத்துக் காலை அசையாமல் கட்டினார். ரமோனை ஹாரிஸின் முதுகில் ஏற்றினோம். நான் பின்னாலிருந்து தாங்கினேன். ஜெசிந்தா பக்கத்தில் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியிலும் எங்கே கால்வைப்பது என்று சொல்லிக்கொண்டு வந்தார். ரமோன் தன் மொழியில் எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஹாரிஸின் கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. இரண்டு தடவை வழுக்கி முழங்காலில் விழுந்தார், ஆனால் ரமோனைக் கீழே விடவில்லை. தட்டில் இறக்கிவைத்ததும் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

வெயில் காய்ந்தது. பள்ளத்தாக்கில் ஒரு பறவைகூட அசையவில்லை. ரமோன் வலியில் கண்ணை மூடிக் கிடந்தார். ஹாரிஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்க முடியாமல் கீழே கூழாங்கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வேலையில் மிகக் கஷ்டமான நேரம் முடிவெடுக்கும் நேரம் என்று நினைக்காதீர்கள். முடிவெடுத்தபிறகு, அது சரியோ பிழையோ என்று தெரியாமல் எல்லார் முன்னாலும் நிற்கிற நேரம்தான்.

ஹாரிஸ் மேலே ஏறத் திரும்பியபோது ரமோன் கண்ணைத் திறந்தார். "பொறுங்கள்," என்றார். முதலில் அவருக்குத்தான் கேட்டது. பாரவண்டி ஒன்று தொலைவில் இரைவதுபோல ஒரு சத்தம். அது நிற்கவில்லை, பெருத்தது. பள்ளத்தாக்கின் வளைவில் மண்ணிறமான ஒரு சுவர் தோன்றியது. மரங்களும் கற்களும் சேர்ந்து உருள, தண்ணீர் ஆற்றுப் படுக்கையை முழுதாக விழுங்கிக்கொண்டு எங்களுக்குக் கீழே பாய்ந்தது. ரமோன் விழுந்து கிடந்த இடம் எது என்றே தெரியவில்லை. தட்டு அதிர்வதை உள்ளங்காலில் உணர்ந்தேன்.

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டார். ரமோன் நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, என் கையைத் தேடிப் பிடித்தார். ஹாரிஸ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "மேலாளரிடம் நான் சொல்லப்போவது வேறு," என்று மட்டும் சொல்லிவிட்டு, ரேடியோவுக்காக விளிம்பை நோக்கி ஏறினார். வெயில் இறங்குவதற்கு முன் பண்ணை ஆட்கள் கயிற்றோடு வந்து ரமோனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மேலாளர் தொலைபேசியில் எல்லாரையும் திரும்பி வரச்சொன்னார். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு காலைதான் மிச்சம் இருந்தது. ஜெசிந்தா பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து, காலில் மாவுக்கட்டோடு ரமோன் பண்ணை வண்டியில் வந்து இறங்கினார்.

"வெள்ளம் வடிந்துவிட்டது. கீழே எல்லாம் புதுத் தண்ணீர். அந்தக் கிடாய் திரும்பி வரும்," என்றார். "நான் விளிம்பில் இருந்து பார்ப்பேன். டொக்டர் போகட்டும்."

வானத்தைப் பற்றிக் கேட்டேன். எந்தத் திசையிலும் முகில் இல்லை என்றார். இந்தத் தடவை அவரில் வலி பேசவில்லை. நானும் நாலு பக்கமும் பார்த்தேன், பண்ணை ரேடியோவில் மேல்நிலத்து வானிலையைக் கேட்டேன், பிறகு சரி என்றேன். வழிகாட்டியை ஒருதடவை மறுத்தவன் எப்போதும் மறுக்கவேண்டும் என்றில்லை.

விடிந்ததும் ரமோனை விளிம்பில் வண்டிக்குள் இருத்தி, முன்னால் பெரிய தொலைநோக்கியை முக்காலியில் வைத்தோம். தொப்பியை அசைத்து வழிசொல்வதாக ஏற்பாடு. வலப்பக்கம் நீட்டினால் வலப்பக்கம் போ. நெஞ்சில் வைத்தால் நில், அவன் அங்கே இருக்கிறான். நானும் ஜெசிந்தாவும் தட்டுவரை இறங்கி, அதன் வழியே ஊர்ந்தோம். ஹாம்ப்ஸ்டெட் படிகளுக்கு அன்று நன்றி சொன்னேன். தொப்பி வலப்பக்கம், மறுபடி வலப்பக்கம், பிறகு கீழே. ஒரு திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தபோது தொப்பி ரமோனின் நெஞ்சில் இருந்தது.

எதிரே, கவிந்த பாறையின் நிழலில் அவன் படுத்திருந்தான். சுற்றிவர மறிகள். ஜெசிந்தா முதுகுப்பையில் துவக்கை ஊன்றிப் படுத்தார். நான் பக்கத்தில் தொலைநோக்கியோடு. காத்திருந்தோம். வெயில் ஏறியது. கிடாய் எழுந்தான். பின்னால் ஒரு மறி நின்றது. அவர் சுடவில்லை. இளங்கிடாய் ஒன்று குறுக்கே வந்தது. சுடவில்லை. என் கழுத்தின் பின்புறத்தில் காற்று திரும்புவதை உணர்ந்தேன். இன்னும் கொஞ்சத்தில் எங்கள் மணம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

"காத்து மாறுது, டொக்டர்."

"தெரியும். பொறுங்கோ."

அவருடைய மூச்சு என் மூச்சைவிட மெதுவாக இருந்தது. கிடாய் மூக்கை உயர்த்தினான். ஒரு தாவலில் கூட்டத்தை விட்டு விலகி, வெறும் பாறை முனையில் தனியாக வந்து நின்று எங்கள் பக்கம் பார்த்தான். தாடி காற்றில் அசைந்தது. வெடி கேட்டது. அவன் நின்ற இடத்திலேயே மடிந்தான். ஒரு கால்கூட உதறவில்லை.

ஜெசிந்தா நெற்றியைத் துவக்கின் கட்டையில் வைத்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார். "நொந்திருக்காது," என்றார். பிறகுதான் எழுந்து, துவக்கைத் திறந்து வெற்றுத் தோட்டாவை எடுத்தார்.

கொம்பையும் இறைச்சியையும் மேலே கொண்டுவர ஹாரிஸ் கூப்பிடாமலே இறங்கி வந்தார். கிடாயைப் பார்த்துவிட்டு ஜெசிந்தாவின் கையைப் பிடித்து, "என்னுடையது இதற்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி," என்றார். பாரத்தின் பெரும்பகுதியைத் தானே எடுத்தார். தலையையும் கொம்பையும் நான் தோளில் வைத்துக்கொண்டேன். மச்சம் தொடாத எங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்றைச் சுமந்தவன் நான் ஒருவன்தான். துண்டு விரித்து வைத்த தோளில் அது கனத்தது, சூடாக இருந்தது. அருவருப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மரியாதைதான் வந்தது.

செங்குத்தான கடைசி ஏற்றத்தில் ஜெசிந்தா முன்னால் போனார். விளிம்புக்கு மேலே அவர் தலை தெரிந்ததும் ரமோன் வண்டியின் ஹோர்னை அழுத்தினார், அழுத்திய கையை எடுக்கவில்லை. சத்தம் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, எங்களைச் சுற்றிச் சுழன்றது. ஹாரிஸ் பாரத்தை இறக்கிவிட்டு வண்டியின் முன்மூடியில் இரண்டு கையாலும் தட்டினார். அறுவைசிகிச்சை அறையில் குரல் உயர்த்தாத அந்த டொக்டர், புழுதி படிந்த முகத்தோடு இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்திக்கொண்டு நின்றார். நானும் கத்தினேன். வேலையில் இருக்கும்போது அதற்கு முன்போ பின்போ நான் கத்தியதே இல்லை. என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. தமிழில்தான் கத்தினேன்.